கரப்பானுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு: 2,400 ரூபாய் தகுமா?

நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், சனிக்கிழமை சாயங்காலங்களில் நடக்கிற வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். கரப்பான் என்கிற தோல் நோய், சொரியாசிஸ், வருஷக்கணக்கில் விடாத அரிப்பு என்று அலைகிறவர்களுக்கான வகுப்பு. மூச்சுப் பயிற்சி, உடம்பைத் தளர்த்துவது, தியானம், சொறிகிற பழக்கத்தை மாற்றுவது என்று ஆறு வாரம் சொல்லித் தருகிறார்கள். கட்டணம் 2,400 ரூபாய், இரண்டு தவணையாகக் கட்டலாம். பெயரைப் போடவில்லை. நல்லது கெட்டது இரண்டையும் எழுதப்போகிறேன், நடத்துகிறவர்களை நாளைக்கே வடசேரி சந்தையில் எதிரே பார்க்க வேண்டிவரும். தோல் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிறவர்களிடம் கேட்டால் யாராவது ஒருத்தர் வழி சொல்லிவிடுவார்.

நான் தக்கலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். கரப்பான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. டாக்டர் சீட்டில் அட்டோப்பிக் எக்ஸிமா என்று எழுதுவார். முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்காலுக்குப் பின்பக்கம், இடது கணுக்கால். அப்பாவுக்கு இளைப்பு, அதாவது ஆஸ்துமா, தம்பி மகனுக்குக் காலையில் எழுந்ததும் தும்மல். மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவது வழக்கம்தான் என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் கரப்பான் பண்டத்தைத் தள்ளி வைப்பது. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, பாகற்காய் ஆகாது. குளச்சல் மீனை வாசலில் கொண்டுவந்து இறக்கினாலும் எனக்கு மட்டும் கஞ்சியும் சம்மந்தியும்தான்.

தையல் வேலையில் கையை மறைக்க முடியாது. அளவு எடுக்கும்போது என் முழங்கை மடிப்பு ஆளின் முகத்துக்கு நேரே இருக்கும். "அக்கா, இது ஒட்டுமா?" என்று கேட்கிறவர்களால் பிரச்சினை இல்லை, ஒட்டாது என்று சொல்லிவிடலாம். கேட்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அடுத்த ஜாக்கெட்டை வேறு கடையில் கொடுப்பார்கள். போதாததற்குப் புதுத்துணி. சுருக்கம் விழாமல் இருப்பதற்கென்று ஆலையில் துணிக்கு ஏற்றுகிற பூச்சில் ஃபார்மால்டிஹைடு சேருவது உண்டு, சில தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அப்புறம் வியர்வை. நம்ம ஊர் புழுக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

நடத்துகிறவர் முன்பு தோல் வார்டில் நர்ஸாக இருந்தவர். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். முதல் நாள், முதல் பேச்சே இதுதான்: "ஆயின்மென்டை யாரும் நிறுத்தப்படாது, கேட்டியளா? நான் சொல்லித் தாறது அதுக்குக் கூட வச்சுக்கிடதுக்காக்கும். அதுக்குப் பதிலா இல்ல." பாதிக் கட்டணம் இந்தப் பேச்சுக்கே தகும். தியானம், யோகா என்று போர்டு வைத்துவிட்டு டியூபைத் தூக்கி எறியச் சொல்கிறவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி அப்படி எங்கேயோ மூன்று நாள் முகாமுக்குப் போய், ரொம்ப நாளாகப் போட்டுவந்த ஸ்டீராய்டு மருந்தை ஒரே நாளில் விட்டிருக்கிறான். கண் இமை வரைக்கும் சிவந்து வீங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தானாம். அவன் கதையைக் கேட்ட பிறகு சிஸ்டர் மேல் எல்லோருக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

முதல் வாரத்தில் மூச்சும் இல்லை, தியானமும் இல்லை. ஆளுக்கொரு கவுண்டர் கொடுத்தார்கள். கோயில் வாசல் கடைகளில் நாமஜபத்துக்கென்று விரலில் மாட்டுகிற மாதிரி விற்பார்களே, அதேதான். ஒரு ரப்பர் பட்டை, நகம் அளவுக்கு ஒரு திரை, ஒரு பொத்தான். சொறியும் ஒவ்வொரு தடவையும் ஒரு அழுத்து அழுத்த வேண்டும். லேசாகத் தேய்த்தாலும் கணக்குத்தான், சேலை நுனியால் உரசினாலும் கணக்குத்தான். சொறியாதே என்று யாரும் சொல்லவில்லை, எண்ணு என்று மட்டும் சொன்னார்கள். வீட்டில் மாமி பார்த்துவிட்டு, "எந்தச் சாமிக்கு மக்ளே?" என்று கேட்டார். அரிப்புச் சாமிக்கு என்றேன்.

முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே எண் மூன்று இலக்கத்தைத் தாண்டிவிட்டது. அதைவிட, எப்போது எண் ஏறுகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஊசியில் நூல் கோக்கும்போது ஏறாது. மிஷின் ஓடும்போது ஏறாது. கஸ்டமரோடு போன் பேசும்போது, ஒரு கை சும்மா இருக்கும், அது கழுத்துக்குப் போயிருக்கும். "நாளைக்குக் காலைல கல்யாணம், இன்னும் ஹூக்கு வைக்கலையா?" என்று ஒருத்தி வந்து நின்றால் இரண்டு மடங்கு. ராத்திரி கொசுவலைக்குள் போனதும் கணுக்கால். இதில் பாதி நேரம் அரிப்பே இல்லை, கை தானாகப் போகிறது. துணி முடிந்த பிறகும் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கிற கால் மாதிரி. இத்தனை வருஷமும் எத்தனை டாக்டரிடம் காட்டியிருந்தாலும் இது எனக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை, அவர்கள் பார்க்கிற ஐந்து நிமிஷத்தில் நான் சொறிவதில்லையே.

இரண்டாவது வாரம் மாற்று வேலை. கை கிளம்பும்போதே இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கி 30 வினாடி இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் அரித்தால், அந்த இடத்தில் நகத்தை வைத்து ஒரு அழுத்து, கீறக்கூடாது. இவ்வளவுதான். கேட்கும்போது இதற்கா காசு என்றுதான் எனக்கும் தோன்றியது. இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் அஸ்ரின், நன் என்ற இரண்டு பேர் 1973-இல் நகம் கடிப்பது, முகம் தானாகத் துடிப்பது மாதிரியான பழக்கங்களுக்காக இதை உண்டாக்கினார்கள். ஸ்வீடனில் மெலின், நோரன் என்பவர்கள் இதை எண்பதுகளில் எக்ஸிமாக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டீராய்டு மருந்து மட்டும் போட்டவர்களைவிட, மருந்தோடு இந்தப் பழக்கத்தையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத் தோல் நன்றாக ஆறியது என்று 1989-இல் எழுதினார்கள். மருந்தோடு சேர்த்து என்பதைக் கவனியுங்கள்.

ஏன் வேலை செய்கிறது என்பதற்கு சிஸ்டர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. சொறியச் சொறியத் தோல் தடிக்கிறது, தடித்த தோல் இன்னும் அரிக்கிறது. என் கணுக்கால் யானைத்தோலாக ஆனது இந்த வழியில்தான். சொறியும்போது சுகமாக இருப்பதற்குக் காரணம், சொறிவது ஒரு சின்ன வலி, அந்த வலி கொஞ்ச நேரத்துக்கு அரிப்பை அமுக்கிவிடுகிறது. ஆனால் அந்த வலியை அடக்குவதற்காக மூளை சுரக்கிற செரட்டோனின் என்ற ரசாயனம் திரும்ப அரிப்பைத் தூண்டிவிடும் என்று 2014-இல் அமெரிக்காவில் எலிகளை வைத்துக் கண்டிருக்கிறார்கள். ராத்திரி ஏன் கூடுகிறது என்று கேட்டேன். படுத்த பிறகு தோலில் சூடு ஏறுகிறது, வீக்கத்தை அடக்குகிற கார்ட்டிசோல் ராத்திரியில் குறைந்துவிடுகிறது, கைக்கும் மனசுக்கும் வேறு வேலை இல்லை. அலர்ஜி மாத்திரை போட்டால் எக்ஸிமா அரிப்பு அவ்வளவாக அடங்காது, பழைய வகை மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுக்கும் என்பதும் அங்கே தெரிந்துகொண்டதுதான்.

இன்னொன்று, அரிப்பு பற்றிப் பேசினாலே அரிக்கும். ஜெர்மனியில் ஒரு தடவை அரிப்பைப் பற்றிய பொதுக்கூட்டத்தில் பூச்சிப் படங்களைப் போட்டுக்காட்டி, வந்தவர்களை ரகசியமாகக் கவனித்தார்களாம். படம் ஓட ஓடச் சொறிவது கூடியிருக்கிறது. சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கை கழுத்தில். டக் டக்கென்று கவுண்டர் சத்தம். அன்றைக்குத்தான் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டே எங்கே சொறிகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு 30 வினாடி முஷ்டியைவிட நன்றாக வேலை செய்தது குளிர்ச்சி. மண்பானைத் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரை முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தினால் அடங்கிவிடும். சிஸ்டரிடம் சொன்னேன், அதுவும் சரிதான், வைத்துக்கொள் என்றார். இப்படி ஆளுக்குத் தக்க மாதிரி விட்டுக்கொடுப்பது நல்ல குணம்.

ராத்திரிக்குக் கையுறை போடச் சொன்னார்கள். மருந்துக்கடையில் வாங்கிய கையுறையின் உள்தையல் விரலிடுக்கில் உறுத்தியது. நான் பழைய மல் துணியில் தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைத்து, மணிக்கட்டில் எலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா வைத்துக் கொண்டுபோனேன். அடுத்த வாரமே வகுப்பில் பாதிப் பேருக்கு ஆர்டர். இது விமர்சனத்தில் சேராது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி. பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு விடுவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் உருவாக்கியது. குனிந்தே தைக்கிற தோளுக்கு இது சொர்க்கம். அரிப்புக்கு நேராக என்ன செய்தது என்று கேட்டால் பெரிதாகச் சொல்ல முடியாது, ஆனால் படுத்ததும் தூங்க முடிந்தது, தூங்கினால் சொறிய நேரமில்லை. கடையில் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்றைக்கும் செய்கிறேன்.

தியானம்தான் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. கண்ணை மூடிப் படுத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வொரு இடமாகக் கவனிக்க வேண்டும். கரப்பான் உள்ள உடம்பைக் கவனித்தால் என்ன தெரியும்? அரிப்புத்தான் தெரியும். கழுத்துக்கு வருவதற்குள் எழுந்து ஓடலாம் போல இருந்தது. சிஸ்டரிடம் சொன்னபோது, உடம்பை விடு, வெளிச் சத்தத்தைக் கேள் என்றார். மேம்பாலத்தில் லாரி போகிற சத்தம் தாராளமாகக் கிடைத்தது. பக்கத்துப் பாயில் படுத்த அக்காவுக்கு, அவருக்குச் சொரியாசிஸ், இந்தத் தியானம்தான் எல்லாவற்றிலும் நல்லது. ஆளுக்கு ஆள் மாறும் போல.

வீட்டில் கேட்பதற்கு ஒரு ஆடியோ கொடுக்கிறார்கள். யாரோ செய்தி வாசிக்கிற தமிழில், "நீங்கள் ஒரு பனிமலையில் நிற்கிறீர்கள்" என்று தொடங்கும். நான் ஜில்லென்று எதையாவது நினைக்க வேண்டும் என்றால் எனக்கு வருவது திற்பரப்பு. மழை பெய்து கோதையாறு நிறைந்து ஓடும்போது அருவிக்குக் கீழே நின்றால் தோளில் விழுமே, அந்த அடி. ஆடியோவை அணைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டேன், அரிப்பு கொஞ்சம் தணியத்தான் செய்தது. நம்ம ஊர்க் குரலில், நம்ம ஊர்த் தண்ணீரை வைத்து ஒரு ஆடியோ செய்யுங்கள் என்று கருத்துப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

தியானத்துக்கு ஆதாரமாக அவர்கள் அடிக்கடி சொல்வது 1998-இல் வந்த ஒரு ஆராய்ச்சி. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் குழு 37 சொரியாசிஸ்காரர்களை எடுத்துக்கொண்டது. எல்லோரும் ஏற்கெனவே ஒளி சிகிச்சை எடுக்கிறவர்கள், அதாவது புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் நிற்கிறவர்கள். அப்படி நிற்கும்போது ஒரு பிரிவினர் தியான ஒலிநாடா கேட்டார்கள். கேட்டவர்களின் தோல் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரமாகத் தெளிந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் 37 பேர், சொரியாசிஸ், விளக்குச் சிகிச்சையோடு சேர்த்து. விளக்கே இல்லாமல் பாயில் படுத்துக் கண்ணை மூடுகிற கரப்பான்காரிக்கு இதிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? துணி வேறு என்றால் அளவும் வேறுதான். இதை வகுப்பில் கேட்டேன். சிஸ்டர் ஒப்புக்கொண்டார், ஆனால் அவர்களுடைய நோட்டீஸில் அந்த ஆராய்ச்சி இன்னும் எல்லாத் தோல் நோய்க்கும் பொதுவாகத்தான் அச்சடித்திருக்கிறது.

நான்காவது வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஒரு விருந்தினர் பேச்சு. வெள்ளை ஜிப்பா, இனிமையான குரல். "உங்க மனசுல யாரையோ மன்னிக்காம வச்சிருக்கீங்க, அது தோல் வழியா வெளிய வருது" என்றார். எதிரே ஒரு அம்மா மடியில் மூன்று வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார், கன்னம் இரண்டும் வெடித்த பிள்ளை. அது யாரை மன்னிக்கவில்லையாம்? தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கிற ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வர வாய்ப்பு கூடும் என்று 2006-லேயே கண்டுபிடித்தாகிவிட்டது. அந்தக் குறை உள்ளவர்களின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, வெளியில் இருப்பதையெல்லாம் உள்ளே விடும். மனக்கவலை வந்தால் அரிப்பு கூடும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, கவுண்டரே சாட்சி. கூடுவது வேறு, அதனால்தான் வந்தது என்பது வேறு. ஏற்கெனவே "நீ சுத்தமா இருக்க மாட்டியா?" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களிடம், இப்போது மனசும் சுத்தமில்லை என்று சொல்வதற்கு ஒரு விருந்தினர் தேவையா? அந்த அம்மா பேச்சு முடியும் முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. சிஸ்டருக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் கட்டடம் அவருடையது இல்லை, அழைத்ததும் அவர் இல்லை.

இடம் பற்றி. மாடிப்படி செங்குத்து, முட்டு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஃபேன் போதாது. கரப்பான்காரர்களைப் படுக்க வைப்பதற்கு அவர்கள் வாங்கி வைத்திருப்பது என்ன தெரியுமா? தென்னைநார் விரிப்பு. இந்தியாவிலேயே இதைவிட அரிக்கிற பொருள் ஒன்று கண்டுபிடிப்பது கஷ்டம். பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துக் கொண்டுபோங்கள். முதல் இரண்டு வாரம் சாம்பிராணி வேறு போட்டார்கள், புகையில் இருமி இருமி இளைப்புக்காரர்கள் சொன்ன பிறகு நிறுத்திவிட்டார்கள். விரிப்பு மட்டும் மாறவில்லை.

வெளியே வரும் வழியில் ஒரு மேஜை. மூலிகை சோப்பு, தைலம், தோலுக்கென்று ஒரு தேநீர்த்தூள். சிஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, மேஜைக்காரப் பெண் மட்டும் "அக்கா, இத ஒண்ணு பாருங்க" என்பாள். நான் வாங்கவில்லை. வாசனை போட்ட எதுவும் என் தோலுக்கு ஆகாது. வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே போதும்: குளித்துவிட்டு ஒத்தி எடுத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள் களிம்பைப் பூசு. நான் டாக்டர் எழுதிய சாதாரண மாய்ஸ்சரைசரையும், மழைக்காலத்தில் வீட்டில் காய்ச்சிய உருக்கெண்ணெயையும் பூசுகிறேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கரப்பான் போகவில்லை, போகும் என்று யாரும் சொல்லவும் இல்லை. சித்திரை வெயிலில் கழுத்து மறுபடி சிவந்தது. ஆனால் கணுக்கால் தோல் மெலிந்திருக்கிறது, விரலால் மடித்துப் பிடிக்க வருகிறது. முன்பெல்லாம் அது செருப்புத் தோல். விரிப்பில் ரத்தப் பொட்டு இல்லாமல் விடிகிற நாட்கள் கூடியிருக்கின்றன. ஒரு டியூப் ஆயின்மென்ட் முன்பைவிட ரொம்ப நாள் வருகிறது. டாக்டர் பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார், கவுண்டரைக் காட்டினேன், சிரித்துவிட்டு அதை அப்படியே தொடரச் சொன்னார்.

யாருக்குத் தகும் என்றால், என்னை மாதிரி வருஷக்கணக்காகச் சொறிந்து தோல் தடித்தவர்களுக்குத் தகும். நீர் வடிந்து, சீழ் வைத்து, காய்ச்சல் அடிக்கிற நிலையில் இருப்பவர்கள் முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கோ தெரிந்த தோல் டாக்டரிடமோ போய் அதை ஆற்றிக்கொண்டு பிறகு வாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு சரிப்படாது, பெற்றோர் மட்டும் வந்து கையை எப்படித் திசைதிருப்புவது என்று கற்றுக்கொண்டு போகலாம். மூச்சும் தியானமும் மட்டும் வேண்டும் என்றால் இவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை. முதல் மூன்று வாரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்குவார்களா என்று கேட்டுப் பார்த்தேன், இல்லையாம். எனக்கு விட்டால் முதல் இரண்டு வாரத்துக்கு ஐந்தில் நாலரை, நான்காவது வாரத்துக்கு ஒன்றும் இல்லை, மொத்தமாக மூன்றரை கொடுப்பேன். அந்த அரை, சிஸ்டருக்காக.

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் வடசேரி வரைக்கும் போக வேண்டாம், பார்வதிபுரத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். நான்காவது வாரம் விருந்தினர் பேச்சு என்று போர்டில் எழுதியிருந்தால் ஒரு மணி நேரம் பிந்திப் போங்கள், பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்கும்.